டெல்டாக் குளிரும் வெளியில் படுக்கும் நாயும்: சூடு எப்படிப் போகிறது, எப்படிக் காப்பது

“நம்ம ஊர்ல என்ன பெரிய குளிர்? நாட்டு நாய் தாங்கும்” என்பது டெல்டாவில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இணையத்தில் தேடினாலும் அதற்கு ஆதரவு கிடைத்துவிடும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் நாய்களுக்குக் குளிர் தொந்தரவு தொடங்கும் என்று பல அட்டவணைகள் சொல்கின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அட்டவணைப்படி பார்த்தால் இங்கே ஒரு நாய்கூட நடுங்கக் கூடாது.

ஆனால் கார்த்திகையில் இரவெல்லாம் மழை கொட்டிய மறுநாள் காலையில் மூடிய கடைகளின் ஷட்டர் ஓரங்களைப் பாருங்கள். மூக்கை வாலுக்குள் புதைத்து, உடம்பு உதற உதறச் சுருண்டு கிடக்கும் நாய்கள் இருக்கும். அட்டவணையில் தவறில்லை. பனிக்கட்டி உறையும் நாடுகளில், உடம்பு காய்ந்திருக்கும் நாய்க்காக எழுதியது அது. நம் ஊர் நாயின் சிக்கலுக்கு முதல் காரணம் ஈரம். டிகிரி அதற்குப் பிறகுதான். அந்த ஈரம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது தானாகப் பிடிபடும்.

சூடு எங்கிருந்து வருகிறது

நல்ல நிலையில் உள்ள நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38.3 முதல் 39.2 செல்சியஸ். நம்மைவிட அதிகம். இந்தச் சூடு முழுக்கத் தீனியிலிருந்து வருகிறது. முடி சூட்டை உண்டாக்குவதில்லை. முடிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இப்படிச் சூடு வெளியேறாமல் தடுப்பதற்கு வெப்பக்காப்பு என்று பெயர். கம்பளி, வைக்கோல், மரப்பெட்டி எல்லாமே செய்வது இந்த ஒரு வேலையைத்தான்.

வெளியே 20 டிகிரி, உள்ளே 38.5 டிகிரி என்றால் இடைவெளி 18 டிகிரிக்கு மேல். உடம்பும் முடியும் காய்ந்திருந்தால் நன்றாக வளர்ந்த நாய் இதைச் சமாளித்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு முடி மெல்லியது, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. அவை சீக்கிரம் நடுங்கும். லேப்ரடாருக்கு உள்முடி, வெளிமுடி என இரண்டு அடுக்கு உண்டு. சாதாரணத் தூறல் அதன் தோல்வரை போகாது. சொறி பிடித்து முடி கொட்டிய நாய்க்கோ காப்பே இல்லை. அதற்குக் குளிர்காலத்தில் முதல் வைத்தியம் சொறிக்குத்தான். கால்நடை மருத்துவர் தரும் மாத்திரையிலோ ஊசியிலோ குணமாகக்கூடிய நோய் அது. வண்டிக் கழிவு ஆயிலை எடுத்துப் பூசுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் அந்த விஷம் வயிற்றுக்குள்ளும் போகும்.

நனைந்த நாயும் மண்பானையும்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான சூட்டை அது பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. நனைந்த நாயின் தோலிலும் இதேதான் நடக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 15 கிலோ எடையுள்ள நாயின் முடியில் மழைக்குப் பிறகு 200 மில்லி நீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுக்க உடம்புச் சூட்டிலேயே காய வேண்டும் என்றால் 116 கிலோகலோரி செலவு. அந்த எடையுள்ள நாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவை சுமார் 850 முதல் 900 கிலோகலோரி. ஒருமுறை நனைந்து காய்வதற்கே ஒரு நாள் தீனியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் மூன்று நான்கு முறை நனையும் நாயின் நிலை என்ன என்று பாருங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லையே? காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பானை சுற்றுப்புறக் காற்றளவு சூட்டில்தான் இருக்கும். நாயின் உடம்போ காற்றைவிட 18 டிகிரி கூடுதல் சூடு. அதனால் ஈரக்காற்றிலும் அதன் தோலில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், மெதுவாக, இரவு முழுக்க. முடி காயாது, சூடு மட்டும் போகும்.

இன்னொரு வழியிலும் இழப்பு உண்டு. முடிகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் இப்போது நீர் நிற்கிறது. நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். கடத்தல் என்பது ஒன்றையொன்று தொட்டிருக்கும் பொருள்களில் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் போவது. ஆக, நனைந்த முடி தன் காப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. இதன்மேல் வாடைக்காற்றும் அடித்தால் தோலருகே சூடான மெல்லிய காற்றுப்படலம் நிற்கவே நேரமிருக்காது.

தரை எடுக்கும் சூடு

படுத்திருக்கும் நாயின் உடம்பில் ஒரு பக்கம் முழுக்கத் தரையைத் தொடுகிறது, அந்தப் பக்க முடியும் அமுங்கிக் காற்றை இழக்கிறது. சிமெண்ட் தளமும் ஈரமண்ணும் சூட்டை நிற்காமல் உறிஞ்சும். அதனால்தான் நாய்கள் அடுப்புச் சாம்பல், மணல்மேடு, வைக்கோல்போர் என்று தேடிப்போகின்றன. பகல் வெயிலைப் பிடித்து வைத்திருக்கும் தார்ச்சாலை நடுவிலும் அதே காரணத்துக்காகத்தான் படுக்கின்றன. பனிமூட்டம் உள்ள இரவில் வண்டியில் அடிபடும் நாய்களில் இப்படிப் படுத்தவையும் உண்டு. வீட்டோரம் காய்ந்த இடம் இருந்தால் சாலைக்குப் போக அதற்கு அவசியம் குறையும்.

பலரும் அன்போடு செய்யும் ஒரு தவறு இங்கேதான். பழைய சணல் சாக்கையோ பருத்திப் புடவையையோ தரையில் விரித்துவிடுவார்கள். காய்ந்திருக்கும்வரை நல்லது. டெல்டாவின் மழைக்காலத் தரையில் ஒரே இரவில் அது கீழிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாயின் முடியிலிருந்தும் வாங்கிக்கொள்ளும். பிறகு நாய் படுப்பது நனைந்த துணியின்மேல்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: நாயின் சூடு மூன்று வழியில் போகிறது. நனைந்த முடி வழியே, அடிக்கும் காற்று வழியே, தொடும் தரை வழியே. வெளியிலிருந்து சூடு கொடுக்கத் தேவையில்லை. இந்த மூன்றையும் அடைத்தால் போதும்.

படுக்கப் பெட்டி

பெரிய கூண்டு நல்லது என்பது தவறான எண்ணம். பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குவது நாயின் உடம்பே. இடம் பெரிதானால் அந்தச் சூடு சிதறிவிடும். 15 முதல் 20 கிலோ வரை உள்ள நாட்டு நாய்க்கு உள்ளளவு 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் போதும். உள்ளே போய்த் திரும்பிச் சுருண்டு படுக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். வாசல் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் இருக்கட்டும். அதை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால், நாய் மறுபக்கத்தில் காற்றுப்படாமல் படுக்கும். வாசலின் அடியில் ஐந்து அங்குலப் பலகைத் தடுப்பு அவசியம், இல்லாவிட்டால் வைக்கோல் இரண்டே நாளில் வெளியே வந்துவிடும்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் இரண்டிரண்டு செங்கலைப் படுக்கையாக அடுக்கி அதன்மேல் ஏற்றினால் அரையடி உயரம் கிடைக்கும். சாரல் தெறிக்கும் சேறும், தேங்கும் நீரும் அதற்குக் கீழேயே நின்றுவிடும். கூரையைப் பின்பக்கம் சரித்து, வாசல்பக்கம் நான்கு அங்குலம் வெளியே நீட்டுங்கள். கூரை தூக்கித் திறக்கும்படி இருந்தால்தான் வைக்கோல் மாற்றுகிற வேலை ஒழுங்காக நடக்கும். கூரைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக ஓரங்குலத் துளை இரண்டு வேண்டும். மூச்சு ஈரம் வெளியேற வழி இல்லாவிட்டால் உள்சுவர் வியர்க்கும், வைக்கோல் மேலிருந்து நனையும்.

வாசல் எந்தத் திசை? வடகிழக்குப் பருவமழையில் காற்றும் சாரலும் பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். காலை வெயில் படட்டும் என்று கிழக்குப் பார்த்து வைப்பவர்கள் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் அது தவறு. தெற்குப் பார்த்து, வீட்டுச் சுவரையோ மாட்டுக்கொட்டிலையோ முதுகுக்கு அணைத்து வையுங்கள். பழைய தார்ப்பாயை நீளவாக்கில் கிழித்து வாசலில் தொங்கவிடலாம். புது நாய் அதைக் கண்டு உள்ளே போகத் தயங்கும். முதல் சில நாள் திரையை மடித்துக் கட்டி, உள்ளே தீனி வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

பலகைக்குச் செலவு செய்ய முடியாதென்றால் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் கைகொடுக்கும். படுக்கவைத்தால் ஏறக்குறைய 3 அடி நீளம், 2 அடிக்குச் சற்றுக் குறைந்த குறுக்களவு. மூடிப்பக்கத்தில் மேல்பாதியை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பைப் பழைய ஹோஸ் குழாயைக் கீறிச் செருகி மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைக் கிழிக்கும். அடியில் நீர் வடிய மூன்று நான்கு துளை, உருளாமல் இருக்க இருபுறமும் செங்கல். பூச்சிமருந்து வந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பிளாஸ்டிக் மரத்தைவிட அதிகம் வியர்க்கும் என்பதால் டிரம்மில் காற்றுத்துளையை மறக்கக் கூடாது.

வைக்கோல்

இந்த விஷயத்தில் டெல்டாவுக்கு அதிர்ஷ்டம். நெல் வைக்கோலின் தண்டு உள்ளே பொள்ளலானது. தண்டுக்குள்ளும் தண்டுகளுக்கு இடையிலும் காற்று அடைபட்டு நிற்கும். நாய் நனைந்து வந்து படுத்தாலும் நீர் தண்டின் மேலோடு வழிந்து அடிக்குப் போய்விடும். நாய் அதற்குள் குழி பறித்துப் படுக்கும்போது உடம்பின் பக்கவாட்டும் மூடிக்கொள்ளும். எந்தக் கம்பளியும் இதைச் செய்யாது.

மேலே சொன்ன பெட்டிக்கு உதிரியாக ஓரடி உயரம் நிரப்புங்கள், நான்கைந்து கிலோ பிடிக்கும். நாய் மிதித்து அமுக்கிய பிறகு அரையடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் மேலே சேர்த்தால் போதாது, அமுங்கியதை உதறிவிட்டுச் சேர்க்க வேண்டும். அமுங்கிய வைக்கோலில் காற்று கிடையாது.

எந்த வைக்கோல் என்பதில் கவனம் தேவை. குறுவை அறுவடை மழை தொடங்கும் நேரத்தில் வருவதால் அந்த வைக்கோல் பெரும்பாலும் நனைந்தே இருக்கும். போன தையில் வந்த சம்பா வைக்கோல் வீட்டில் காய்ந்து கிடந்தால் அதுதான் சிறந்தது. கையில் ஒரு பிடி எடுத்து முறுக்குங்கள். சடசடவென்று ஒடிந்தால் காய்ந்தது. ஓசையின்றி வளைந்து, புளித்த வாடை அடித்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. கரும்புள்ளியோ வெண்பூஞ்சையோ தெரிந்தால் அதை நாய்க்குப் போடாதீர்கள், பூஞ்சைத் தூள் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். சாதாரண நாளில் வாரம் ஒருமுறை மாற்றினால் போதும், அடைமழையில் மூன்று நாளுக்கு ஒருமுறை. தேவையான அளவு வைக்கோலை ஐப்பசிக்கு முன்பே கழுவிக் காயவைத்த யூரியா சாக்குகளில் அடைத்துப் பரணில் ஏற்றிவிடுவது நல்ல யோசனை. மழை தொடங்கிய பிறகு காய்ந்த வைக்கோல் தேடினால் கிடைக்காது.

வைக்கோலுக்குப் பதில் உமி போடுவார்கள். அது கண்ணிலும் மூக்கிலும் ஏறும். கரும்புச் சோகையின் விளிம்பு அறுக்கும். இரண்டும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: வயலில் நீர் ஏறும்போது எலியும் அதன் பின்னால் பாம்பும் மேடும் வறட்சியும் தேடி வரும். வைக்கோலைக் கிளறுமுன் பெட்டியைக் கம்பால் தட்டுங்கள், கையை நேரே உள்ளே விடாதீர்கள்.

குட்டி போட்ட நாய்

தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர்மாதங்களிலும்தான் குட்டி போடுகின்றன. குளிரில் அதிகம் சாவதும் இந்தக் குட்டிகளே. காரணம் எளிது. பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கத் தெரியாது. நடுக்கம் என்பது தசைகளை உதறிச் சூடு உண்டாக்கும் உடம்பின் ஏற்பாடு. அது இல்லாததால் குட்டி தாயின் வயிற்றையும் கூடப் பிறந்தவற்றையும் ஒட்டிக்கொண்டுதான் சூடு பெறுகிறது. முதல் வாரத்தில் குட்டியைச் சுற்றி 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். நமக்கு இதமாகத் தெரியும் 22 டிகிரி இரவு அதற்குக் கடுங்குளிர்.

குவியலாகக் கிடந்து அமைதியாகத் தூங்கினால் சூடு போதும். பிரிந்து தனியாகக் கிடந்து ஓயாமல் கத்தினால் போதவில்லை. தொட்டால் சில்லென்று, சத்தமே இல்லாமல் கிடந்தால் அது ஆபத்து. அப்போது எல்லோரும் செய்வது உடனே பால் புகட்டுவது. அதைச் செய்யாதீர்கள். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் இயங்காது, உறிஞ்சி விழுங்கும் திறனும் இருக்காது. பால் வயிற்றில் கெட்டுப்போகும் அல்லது நுரையீரலுக்குள் போகும். முதலில் துடைத்துக் காயவைத்து, உங்கள் உடம்போடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்திலோ வைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்லச் சூடேற்றுங்கள். வாய்க்குள் விரல்நுனி வைத்தால் கதகதப்புத் தெரிந்து, விரலைச் சப்பத் தொடங்கினால் தாயிடம் விடலாம்.

தெருவில் குட்டி போட்ட நாய்க்கு இடம் மாற்ற முயலும்போது குட்டிகளை முழுக்கத் தூக்கிப்போனால் தாய் மிரளும், கடிக்கும். அது இருக்கும் இடத்திலேயே மேலே தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டி, கீழே செங்கல், பலகை, வைக்கோல் போட்டுத் தருவது மேல்.

செய்யக் கூடாதவை

பெட்டிக்குள் பல்பு தொங்கவிடாதீர்கள். வைக்கோலும் குண்டு பல்பும் சேர்ந்தால் தீ. மழையில் நனைந்த ஒயரில் மின்சாரமும் பாயும். கரியடுப்பை மூடிய இடத்தில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற மணமற்ற நச்சுவாயு சேரும். பிராந்தி ஊற்றினால் சூடேறும் என்பது பொய். சாராயம் தோலோர ரத்தக்குழாய்களை விரியவைத்து உள்சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றும், நாய்க்கு அது விஷமும்கூட. பூண்டும் வெங்காயமும் போட்ட கஷாயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சட்டை போடுவது தவறில்லை, ஆனால் கூரைக்குக் கீழே, காய்ந்திருக்கும்வரை மட்டும். நனைந்த சட்டை, சட்டையே போடாததைவிட மோசம்.

தீனி

வெளியில் நனையும் நாய்க்கு வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுங்கள். வெறும் சோறும் மோரும் என்றால் அதில் ஒரு அவித்த முட்டை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்தாலே ஏறக்குறைய 200 கிலோகலோரி கூடிவிடும். பெரிய வேளைத் தீனியை இருட்டும் நேரத்தில் வையுங்கள். செரிக்கும்போதும் உடம்பில் சூடு உண்டாகும், அது இரவில் உதவும். குளிர்காலத்திலும் நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாய் வாய்க்காலையும் குட்டையையும் நக்கும். எலிமூத்திரம் கலந்த அந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அது நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

புயல் இரவு

மேலே சொன்ன பெட்டி மழைக்கும் பனிக்கும்தான், புயலுக்கு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. இப்படி ஒரு புயலின் கண் கடந்து போகும் ஊர்களில் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, சிறிது அமைதிக்குப் பிறகு எதிர்ப்புறமிருந்து திரும்ப அடிக்கும். அப்போது எந்தத் திசை வாசலும் பாதுகாப்பல்ல. ஆஸ்பெஸ்டாஸ் ஓடும் தென்னைமட்டையும் பறக்கும், டிரம் நீரில் மிதந்து போகும். எச்சரிக்கை வந்தவுடன் நாயை வீட்டுக்குள் ஒரு மூலையில் சேர்த்துவிடுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் சங்கிலியையாவது கழற்றிவிடுங்கள். கட்டிப்போட்ட நாயால் ஏறும் நீரிலிருந்து தப்ப முடியாது.

நடுக்கம் நின்றால் கவனம்

உடல் வெப்பம் அளவுக்குக் கீழே இறங்குவதை ஹைப்போதெர்மியா என்பார்கள். நாய்க்கு 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். முதலில் நன்றாக நடுங்கும். சூடு மேலும் இறங்கினால் நடுக்கம் நின்றுபோகும். “நடுக்கம் விட்டுடுச்சு, சரியாயிட்டுது” என்று ஏமாறுவது இங்கேதான். நடுக்கம் நின்று, ஈறு வெளுத்து, கூப்பிட்டால் திரும்பாமல் மந்தமாகக் கிடந்தால் நிலைமை மோசம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓரங்குலம் செலுத்திப் பாருங்கள். 97க்குக் கீழே என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகம், தஞ்சாவூர் பக்கம் என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. போகும்வரை செய்ய வேண்டியது: காய்ந்த துண்டால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள், ஒரு துண்டு நனைந்தால் அடுத்தது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய லிட்டர் பாட்டில்களைத் துணியில் சுற்றி, மார்பின் இருபுறமும் வையுங்கள். கால்களைத் தேய்த்துச் சூடேற்ற வேண்டாம், அங்கிருக்கும் குளிர்ந்த ரத்தம் திடீரென்று இதயத்துக்குத் திரும்பும். வெந்நீரில் முக்கவும் வேண்டாம். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தலை தூக்கி, தானாக விழுங்கும் நிலைக்கு வந்தபின் வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர் சில கரண்டி கொடுக்கலாம்.

தேறிய நாயை அன்றிரவே வெளியே விடாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் வெப்பம் பாருங்கள். இருமலோ, மூச்சு வாங்குவதோ, தீனி வேண்டாமென்று ஒதுங்குவதோ தெரிந்தால் நுரையீரலில் சளி இறங்கியிருக்கலாம், மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.